நாற்பத்து மூன்று வீடுகளின் ஆமாம்

அனம் எங்கள் பட்டறைக்கு வேலைக்கு வந்து பதினான்கு மாதமாகிறது. அதற்கு முன் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் நான்கு வருடம். காதில் ஹெட்செட்டோடு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்துப் பேரிடம், "எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" என்று கேட்டவள். பத்து வாங்குவதில் அந்தத் தளத்திலேயே அவள்தான் முதல் ஆள். யாராவது எட்டு என்று சொன்னால், "அந்த ரெண்டு மார்க் எங்க சார் போச்சு?" என்று சிரித்தபடி கேட்பாளாம். எதிர்முனையும் சிரித்துவிட்டுப் பத்தைக் கொடுத்துவிடுமாம். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அவள் இதைச் சொன்னபோது பெருமையாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்னப் பட்டறை. ஹோட்டல் சமையலறைகளுக்கு எவர்சில்வர் மேஜை, தட்டு அடுக்கும் ரேக், பாத்திரம் கழுவும் தொட்டி என்று செய்து கொடுக்கிறோம். மொத்தம் பதினோரு பேர். நான் படம் வரைபவன். எதிர் மேஜை அனமுடையது. கொட்டேஷன், ஜிஎஸ்டி, வாட்ஸப்பில் வரும் விசாரணைக்குப் பதில் எல்லாம் அவள் பொறுப்பு. முதலாளி ஏகநாதன் பொழிச்சலூர்க்காரர். அவர் குடும்பத்து நிலத்தில் இப்போது நான்கு தெருவுக்கு வாடகைப் போர்ஷன்கள் நிற்கின்றன.

அடுத்தவன் சொன்ன அளவுக்கு வெட்டிக் கொடுத்தே முப்பது வருடம் ஓடிவிட்டது, நம் பெயர் போட்ட பொருள் ஒன்று கடையில் நிற்க வேண்டும் என்பது ஏகநாதனின் ஆசை. அதற்கு அவர் யோசித்து வைத்தது தண்ணீர் கேன் ஸ்டாண்ட். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை இருபது லிட்டர் கேன் வராத வீடு குறைவு. கேனை ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டுக் கீழே இருக்கும் பெடலை மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் ஊற்றும். வெல்டர் உதயா ஆறு மாதிரிகளைக் கையாலேயே செய்து முடித்தார். பார்க்க நன்றாகவே இருந்தன. மழைக்காக ஒதுங்கிய கொக்கு மாதிரி ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு நின்றன.

மக்களிடம் கேட்டுவரும் வேலை அனமிடம் வந்தது. நான்கு நாளில் நாற்பத்து மூன்று வீடுகள். வாங்குவீர்களா என்ற கேள்விக்கு நாற்பத்து மூன்று ஆமாம். அவள் கொடுத்த அறிக்கையைப் படித்த ஏகநாதன் அன்று பட்டறை முழுக்க சமோசா வரவழைத்தார். தகட்டை ஒரே அழுத்தில் வளைக்கும் அச்சு, தொழிலில் டை என்பார்கள், அதற்கு அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பேசிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. அழுத்தும் இயந்திரத்துக்கு இடம் வேண்டுமென்று தொட்டி செய்யும் பக்கத்தையே காலி செய்வதாகத் திட்டம். ஹோட்டல் ஆர்டர்களில் பாதியை வேண்டாமென்று சொல்ல வேண்டும். எல்லாமே அந்த அறிக்கையின் பேரில்.

அந்த வாரத் திங்கட்கிழமை காலை, விளம்பரத்துக்குப் படமெடுக்க அனம் பொழிச்சலூர் போனாள். ஆறு மாதிரிகளையும் அந்த நாற்பத்து மூன்றில் ஆறு வீடுகளுக்கு, பயன்படுத்திப் பார்க்க இரண்டு வாரத்துக்கு முன் கொடுத்திருந்தோம். முதலில் முனியம்மா வீடு. முனியம்மா பம்மலில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறவர்; ஏகநாதனின் போர்ஷனில் ஏழு வருடமாகக் குடியிருக்கிறார்.

"யாரு?"

"அனம்க்கா. ஓனர் ஆபீஸ்லேர்ந்து."

"தோ வரேம்மா, இரு."

கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ தரையில் இழுபட்டது. தண்ணீர் குலுங்கியது. யாரோ மூச்சைப் பிடித்துத் தூக்கும் சத்தம். இரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது முனியம்மாவின் முந்தானை நனைந்திருந்தது. கேன் ஸ்டாண்டில் இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"சூப்பரா கீதும்மா. இடுப்பு வலியே போச்சு. ஓனராண்ட சொல்லு."

அனம் பெடலைப் படமெடுக்கக் குனிந்தாள். கீறல் விழாமலிருக்கத் தகட்டின் மேல் நாங்கள் ஒட்டி அனுப்பும் நீலப் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ஒரு மடிப்பு இல்லை, தேய்ந்த தடம் இல்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் கேனின் அடிப்பாகம் அளவுக்கு ஓர் ஈர வட்டம். படம் எடுத்தாள். டீ குடித்தாள். கிளம்பினாள். மற்ற ஐந்து வீட்டுக்கும் போனாள். நான்கில் நீலத் தாள் புதிதாகவே இருந்தது. ஒன்றில் தாள் கிழிந்திருந்தது. அங்கே ஸ்டாண்டின் மேல் கேனுக்குப் பதில் ஒரு ரோஜாத் தொட்டி இருந்தது.

மதியம் அவள் சாப்பிடவில்லை. கணினியில் தன் பழைய கேள்வித்தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் கேள்வி இது: "கனமான கேனைத் தூக்கி இடுப்பு வலியால் அவதிப்படும் உங்களுக்கு, காலால் மிதித்தாலே தண்ணீர் தரும் எங்கள் ஸ்டாண்ட் எந்த அளவு உதவியாக இருக்கும்?" பதிலுக்கு மூன்று கட்டங்கள்: மிகவும், நன்றாக, ஓரளவு.

"வேணாம்னு சொல்றவங்க எங்க டிக் பண்ணுவாங்க?" என்றாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

அந்தக் கேள்வித்தாளை அவளுக்கு எழுதிக் கொடுத்தது ஏஐ. பழைய உரையாடலைத் தேடி எடுத்தாள். அவள் கேட்டிருந்தது ஒரே வரி: "எங்கள் புதிய ஸ்டாண்டின் பயன்களை வாடிக்கையாளர்கள் உணரும்படி பத்துக் கேள்விகள் எழுது." அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"கேட்டதைத்தான் கொடுத்திருக்கு. அது மேல தப்பில்ல."

கேள்வித்தாளை அப்படியே ஒட்டி, "இது பாரபட்சமில்லாமல் இருக்கிறதா?" என்று தட்டினாள். உடனே பதில் வந்தது. மிகச் சிறப்பான முயற்சி, கேள்விகள் தெளிவாகவும் வாடிக்கையாளரை மதிப்பதாகவும் உள்ளன, இரண்டொரு சிறிய திருத்தங்கள் மட்டும் போதும்.

"இதுவும் நம்ம முனியம்மாக்கா மாதிரிதான். சூப்பரா கீதுன்னுது."

அடுத்து வேறு மாதிரி கேட்டாள். இந்த ஸ்டாண்ட் யாருக்கும் தேவையில்லை என்று சந்தேகப்படும் ஒருத்தியின் பக்கமிருந்து கேள்விகளை எழுது. எழுதியது. அந்த நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்த உதயாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"அண்ணா, கேன்ல சொருகற பம்ப் ஏற்கனவே இருக்கும்போது இப்படி ஒரு பெரிய ஸ்டாண்டுக்கு நீங்க ஏன் இடம் ஒதுக்கணும்?"

உதயா கொஞ்சம் முறைத்தார். "இன்னா மேடம், ஸ்டாண்ட திருடிக்கினு வந்தவன்ட்ட போலீஸ் கேக்கற மாதிரி கேக்கற? நானே செஞ்ச பொருள், அத நானே வேணாம்னு சொல்லிடுவேன் போல கீது."

"அதான் தப்பு. முதல்ல ஆமாம்னு தள்ளுச்சு, இப்ப இல்லன்னு தள்ளுது."

அன்று மதியம் முழுக்க அவள் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கடைசியில் அவள் எழுதிய கட்டளை ஒரு பக்கத்துக்கு வந்தது. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது. "எந்தப் பதில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள். ஸ்டாண்ட் என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. வாங்குவீர்களா, பிடிக்குமா என்று வரப்போவதைக் கேட்காதே. நடந்து முடிந்ததை மட்டும் கேள். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி வேண்டாம். இடுப்பு வலி, கஷ்டம், கனம் என்று அவர்கள் சொல்வதற்கு முன் நீ சொல்லாதே. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், இது எந்தப் பதிலை நோக்கித் தள்ளுகிறது என்று எழுது. நான் எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று குறி. என்னைப் பாராட்டாதே."

இந்த முறை வந்தது வேறு மாதிரி இருந்தது. ஏழு கேள்விகள்தான். தன் மூன்றாவது கேள்வி லேசாகத் தள்ளுகிறது என்று அதுவே குறித்திருந்தது. அனம் அதை அடித்து நீக்கினாள். ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. "தாங்கள் இறுதியாகக் குடிநீர்க் கொள்கலனைப் பெற்றுக்கொண்ட தருணத்தை விவரிக்க இயலுமா?" என்று இருந்தது முதல் கேள்வி.

"இத கேட்டா கவர்மெண்ட்லேந்து வந்துகினாங்கன்னு ரேஷன் கார்ட எடுத்து நீட்டுவாங்கோ" என்றார் உதயா.

அவள் தன் வாய்க்கு வரும்படி மாற்றினாள். "கடைசியா கேன் எப்ப வந்துச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க." அதற்குக் கீழே அடைப்புக்குள் ஒரு வரி: பேசாதே, மனசுக்குள் பத்து வரை எண்ணு.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஏஐயிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். கேள்விகள் சரியாக இருந்தும் பதில் கோணலாக வர வேறு என்ன காரணம் இருக்கலாம்? அது திருப்பிக் கேட்டது: பேட்டி கொடுப்பவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?

அனம் பதிலைத் தட்டினாள். "எல்லோரும் எங்கள் முதலாளியின் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள்." தட்டிவிட்டு என்டரை அழுத்தவில்லை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் திரையைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் பட்டியல் கொடுத்தவர் ஏகநாதன். தெரிந்தவர்கள்தான் கதவு திறப்பார்கள், பெண் பிள்ளை தெரியாத வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அக்கறையாகத்தான் கொடுத்தார். அது எங்கள் யாருக்கும் தவறாகப் படவில்லை. வெளியூர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான்.

அவள் எழுந்து நேராக ஏகநாதன் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"சார், என் ரிப்போர்ட் தப்பு."

ஏகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ரிப்போர்ட்டு?"

"ஸ்டாண்ட் ரிப்போர்ட். நாப்பத்தி மூணு பேரும் உங்க குடித்தனக்காரங்க சார். அவங்க உங்களுக்குத்தான் பதில் சொல்லியிருக்காங்க. ஸ்டாண்டுக்கு இல்ல."

"இன்னாம்மா பேசற? நாப்பத்தி மூணு பேரும் பொய் சொல்றாங்களா?"

"பொய் சொல்லல. நான் கேட்டது சரியில்ல, நான் போன இடமும் சரியில்ல. உங்களைத் தெரியாத வீடா பன்னெண்டு வீடு நான் கேக்கணும்."

"வெள்ளிக்கிழம டைக்காரன் போன் பண்ணுவான். இப்ப வந்து தப்புன்றியே. வேலைய ஒழுங்கா செஞ்சிருந்தா இந்தப் பேஜாரு உண்டா?"

"இல்ல சார். அதான் இப்ப ஒழுங்கா செய்யறேன்றேன்."

"யார் வூட்டுக்குப் போனாலும் கேன் கேன்தான். அவங்களும் இதையேதான் சொல்லப் போறாங்க."

"சொன்னா நல்லதுதான் சார். வெள்ளிக்கிழமை நானே டைக்காரருக்கு போன் போட்டுத் தரேன்."

ஏகநாதன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "தப்பா வந்துச்சுன்னா?"

"அப்பவும் நான்தான் வந்து சொல்லுவேன்."

போ என்று கையைக் காட்டினார். அந்தக் கை வேலையை விட்டே போ என்றதா, வேலையைப் பார்க்கப் போ என்றதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அனம் இரண்டாவதாகவே எடுத்துக்கொண்டாள்.

கால் சென்டர் தோழிகளுக்குப் போன் போட்டாள். தோழிகளின் வீடு வேண்டாம். அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்களை அறிமுகப்படுத்தச் சொன்னாள். புதனும் வியாழனும் சிட்லபாக்கம், மேற்குத் தாம்பரம், மேடவாக்கம், கேளம்பாக்கம். கேளம்பாக்கத்தில் இரண்டுமே ஆண்கள் தனியாக இருக்கும் வீடு என்பதால் என்னையும் கூட்டிப் போனாள். நான் குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும் என்பது பேச்சு.

அதில் ஒருவர் சத்தியநாதன். ஐம்பது வயது, துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. மூன்றாவது மாடி. எந்தக் கம்பெனி என்று வாசலிலேயே கேட்டார். "பேட்டி முடிஞ்சதும் சொல்றேன் சார், மறைக்கல. இப்பவே சொன்னா நீங்க அதையே நினைச்சிட்டுப் பேசுவீங்க" என்றாள். அவருக்கு அது பிடித்திருந்தது. உட்காரச் சொன்னார்.

"கடைசியா கேன் எப்ப வந்துச்சு சார்? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை வந்துச்சு. என்ன, வழக்கம்போலத்தான்."

அனம் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. பேனா மூடியைத் திருகினேன். அவள் என் பக்கம் திரும்பாமலே மேஜைக்கடியில் என் காலைத் தட்டினாள்.

"வழக்கம்போலன்னா..." என்று சத்தியநாதனே தொடங்கினார். "லிப்டுல கேன் ஏத்தக் கூடாதுன்னு அசோசியேஷன்ல போர்டு வெச்சிருக்காங்க. தண்ணி சிந்துதாம். கேன் போடறவர் கேட்டுலயே வெச்சிட்டுப் போயிடுவாரு. நான் டியூட்டி முடிஞ்சு வந்து தூக்கிட்டு வரணும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தடவ கீழ வெப்பேன். ரெண்டாவது மாடியில ஒரு அம்மா அவங்க ஸ்டூலை வெளியில போட்டு வெச்சிருக்காங்க, எனக்காகவே."

"மேல வந்ததுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன, மூடியப் பிரிச்சுப் பம்ப சொருக வேண்டியது. அதோட முடிஞ்சுது."

பன்னிரண்டு வீடுகளில் ஒன்பதில் பம்ப் இருந்தது. கேனைச் சாய்ப்பது கஷ்டம் என்று தானாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. படிக்கட்டு, கேட், போனை எடுக்காத கேன்காரர், மூடி உடைந்து வரும் கேன் பற்றி எல்லோரும் நிறையப் பேசினார்கள். அனம் எதையும் சுருக்கவில்லை. அவர்கள் சொன்ன சொற்களிலேயே பன்னிரண்டு தாளில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஏகநாதன் அந்தத் தாள்களைப் படித்தார். உதயாவும் நானும் வாசலில் நின்றோம். வேலை இருக்கிற மாதிரி ஒரு அளவு நாடா என் கையில் இருந்தது.

"பன்னெண்டு பேரு சொன்னா நாப்பத்தி மூணு பேரு சொன்னது இல்லாம போயிடுமா?" என்றார். "இரு, உன் கண்ணெதிர்லயே கேக்கறேன்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "முனியம்மா, ஏகநாதன் பேசறேன். ஸ்டாண்டு எப்படி கீது?"

"சூப்பரா கீது சார்."

"யூஸ் பண்றியா?"

"டெய்லி சார்."

ஏகநாதன் போனைக் கையால் மூடிக்கொண்டு அனமைப் பார்த்தார். "கேட்டுக்கினியா?"

"சார், வெக்காதீங்க. நான் சொல்றத ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஸ்டாண்டு பேரே எடுக்காதீங்க." கையிலிருந்த தாளை அவர் முன் வைத்து ஒரு வரியைக் காட்டினாள். "கேட்டுட்டு அவங்க பேசற வரைக்கும் நீங்க பேசக்கூடாது."

அவருக்கு அது விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். படித்தார்.

"முனியம்மா, இன்னிக்குக் காலைல குடிக்கத் தண்ணி புடிச்சியே, எப்படிப் புடிச்சேன்னு முதல்லேர்ந்து சொல்லு."

பதில் வரவில்லை. தையல் மிஷின்களின் இரைச்சல் மட்டும் போனில் கேட்டது. ஏகநாதன் வாயைத் திறந்தார். அனம் விரலை உயர்த்தினாள். எங்கள் முதலாளியை அப்படி யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"பம்புலதான் சார் புடிச்சேன்" என்றார் முனியம்மா மெதுவாக. இன்னும் கொஞ்சம் இரைச்சல். "ஸ்டாண்டு வந்த மறுநாளே பொண்ணு வயித்துப் பேரன் வந்துகினான் சார். விளையாட்டா அத மிதிச்சிட்டான். கேன் சாஞ்சு, தண்ணி மொத்தமும் வூடெல்லாம் ரொம்பிடுச்சு. கேன் அவன் மேல வுழுந்திருந்தா இன்னா ஆவறதுன்னு எடுத்து ஓரமா வெச்சிட்டேன். நீங்க ஆசையா செஞ்ச பொருளு. எப்படி சார் வேணான்றது? குடியிருக்கற வூடு."

ஏகநாதன் போனை வைத்தார். உதயாதான் முதலில் முனகினார். "பெடலுக்கு ஒரு லாக்கு வெச்சிருக்கணும். நான் யோசிக்கவேயில்ல."

"குடியிருக்கற வூடுன்றாளே" என்றார் ஏகநாதன். "ஒரு ஸ்டாண்டு வேணாம்னா வூட்ட காலி பண்ணச் சொல்றவன் மாதிரியாம்மா தெரியறேன் நான்?"

அனம் தாள்களை அடுக்கினாள். "இந்தக் கேள்விய எங்கிட்ட கேக்காதீங்க சார். நானும் உங்ககிட்ட சம்பளம் வாங்கறவதான்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்பத்தூருக்கு அவரே போன் போட்டார். டை இப்ப வேண்டாம், எப்ப வேணும்னு நானே சொல்றேன் என்றார். எதிர்முனை ஏதோ கோபமாகப் பேசியது. சரி, சரி என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு தாள்களில் சத்தியநாதனுடையதை எடுத்து மறுபடி படித்தார். "அப்ப ஜனங்களுக்கு என்னதான் வேணும்? படி ஏத்தறதுக்கு எதனா செஞ்சா வாங்குவாங்களா?"

"தெரியாது சார். பன்னெண்டு வீடு பத்தாது. இன்னும் பதினெட்டு வீடாவது வேணும்."

"எத்தினி நாளு?"

"ஒரு வாரம். படியப் பத்தி நான் எதுவும் கேக்க மாட்டேன். அவங்களா சொல்லணும்."

ஏகநாதன் மேஜை இழுப்பறையைத் திறந்து, தெரிந்தவர்களின் விலாசம் எழுதிய நோட்டு ஒன்றை எடுத்தார். பழக்கதோஷம். அனம் வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் அதைத் திரும்ப உள்ளே போட்டார்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் நாற்காலி காலியாக இருந்தது. நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: ராஜகீழ்ப்பாக்கம், பதிமூன்றாவது வீடு, இப்போதுதான் கதவு திறந்தார்கள்.